திகதி போடாத கோப்பு

பெப்ரவரி 20, திங்கள்

இன்று வென்றுவிட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள், பதினொரு செக்கன். ஒரேயொரு கட்டளையை எழுதி என்ரர் விசையைத் தட்டினேன். ஆலடிக்குளம் மக்கள் ஒன்றியத்தின் இணையத்தளம் முழுவதும் ஒரு எழுத்துக் குலையாமல் வந்து நின்றது. அறுபத்திரண்டு வயதில் பைத்தன் படிக்கப் போனவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது வரிசையில் வந்து நிற்கட்டும்.

நாளைக்கு நானே மறந்துபோகக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன். எங்களிடம் இருப்பவை வெறும் எழுத்துக் கோப்புகள். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கோப்பு. மேலே தலைப்பு, வகை, திகதி என்று மூன்று வரிகள், கீழே விஷயம். கோயில் கொடியேற்றம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, மரண அறிவித்தல் எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். நான் எழுதிய நிரல் ஒரு பைத்தன் லைப்ரரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அத்தனையையும் வாசித்து, பக்கங்களாக்கி, தளத்தில் ஏற்றிவிடும். லைப்ரரி என்று சொன்னதும் இவர் புத்தகசாலை என்று நினைத்து, எந்த பஸ் எடுக்க வேண்டும் என்று கேட்டார்.

ஊர் இவருடையது. மங்கையற்கரசி நான், பருத்தித்துறைப் பக்கம். ஒன்றியத்தின் செயலாளர் திருவாளர் தியாகலிங்கம், அதாவது என் கணவர், பக்கத்து அறையில் இருந்து கோப்புகளைத் தட்டி எங்கள் இருவருக்கும் பொதுவான ஃபோல்டரில் போடுவார். நான் தளத்தில் ஏற்றுவேன். மனிசனுக்குத் திகதி போட மட்டும் மறந்துவிடும். நேற்றும் மறந்தார். இன்று அதற்கும் ஒரு வரி எழுதிவிட்டேன்: திகதி இல்லாவிட்டால், கோப்பைக் கடைசியாகச் சேமித்த நாளை நிரலே எடுத்துக்கொள்ளும். இனிக் கத்தித் தொண்டையை வீணாக்கத் தேவையில்லை.

ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டுத்தானே போடுகிறேன் என்று இவர் கேட்டார். ஓம் என்றேன். முன்பெல்லாம் வரி வரியாக வாசித்தேன்தான். இப்போது நிரல் வாசிக்கிறது. இரண்டும் ஒன்றுதான்.

பெப்ரவரி 25, சனி

நாள் குறித்துவிட்டார்கள். மார்ச் ஏழாம் திகதி பைபாஸ். மூன்று இடத்தில் அடைப்பாம். டாக்டர் படம் கீறிக் காட்டினார். இவர் ஏதோ றோட்டு வேலை நடக்கிற இடத்தைப் பார்ப்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான்தான் வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

பின்னேரம் ஒரு மரண அறிவித்தல் வந்தது, ஊர்க்காரர் ஒருவர் நோர்வேயில். அதைத் திருத்தும்போது இவர் வழக்கம்போலப் பிரசங்கம் செய்தார். அறிவித்தலில் பிழை விடக்கூடாது, மருமக்கள், மைத்துனர், சகலன் என்று ஒருவர் விடாமல் வரவேண்டும், பெயர் விடுபட்ட ஆள் சாகும்வரை மறக்கமாட்டார் என்றார். உங்களுடையதை நான் பிழையில்லாமல் போடுவேன், பயப்படாதேங்கோ என்று பகிடிக்குச் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. என் வாய்க்குப் பூட்டுப் போட ஒருவரும் இல்லை.

மார்ச் 3, வெள்ளி

ஆஸ்பத்திரிப் பை கட்டினேன். உடுக்க இரண்டு சாரம், சவரப் பெட்டி, விபூதிப் பை. இவர் காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு கொம்பியூட்டரில் தட்டினார். ஒரு விரலால் தட்டுகிற ஆள், சத்தம் கேட்டால் கூரையில் தண்ணீர் ஒழுகுவதுபோல இருக்கும். மூன்று தரம் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று தரமும் திரையை மறைத்தார்.

பொழுதுபட வெளியே வந்து, "ஃபோல்டரில ஒண்டு போட்டிருக்கிறன். ஆறுதலா வாசிச்சுப் பாரும்" என்றார். பங்குனித் திருவிழா விஷயமாக இருக்கும். சரி என்றேன். பருப்பு அடுப்பில் இருந்தது.

மார்ச் 6, திங்கள்

நாளைக் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். வன்கூவரில் இருக்கும் எங்கள் ஒரே பிள்ளை நிரூபன் நாளை இரவுதான் வந்து சேருவான்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். இவர் தட்டைப் பார்த்தபடியே, "அதை வாசிச்சனீரோ?" என்று கேட்டார். எனக்கு எங்கே நேரம். ஓம், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றேன். இவர் கையில் எடுத்த பிடி அப்படியே நின்றது.

"உமக்குக் கோவமில்லையோ?"

திகதி போட மறந்ததைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "இதுக்கெல்லாம் கோவிச்சுக்கொண்டிருந்தால் உங்களோட முப்பத்தொரு வருசம் இருந்திருக்கேலுமே? எனக்குப் பழகிப்போச்சு" என்றேன்.

மனிசன் அழுதுவிட்டார். சத்தமில்லாமல், சொதிக்குள் கண்ணீர் விழ விழ. ஒப்பரேசன் பயம். தலையைத் தடவிவிட்டேன். பிறகு எழுந்துபோய்த் தன் தட்டைத் தானே கழுவினார், என் தட்டையும் சேர்த்து. கலியாணம் முடித்த நாள் முதல் இப்படி ஒரு அதிசயம் நடந்ததில்லை.

மார்ச் 7, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஐந்து மணித்தியாலம் என்றார்கள். சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று லப்டொப்பைக் கொண்டுபோயிருந்தேன். ஒன்பது மணிபோல ஒன்றியத் தலைவர் பேரின்பநாதன் அண்ணர், கொடியேற்ற நேரம் மாறிவிட்டது, உடனே போடவேண்டும் என்று செய்தி அனுப்பினார். அந்தக் கோப்பைத் திருத்தி, கட்டளையைக் கொடுத்தேன். பக்கங்கள் ஏறின. மூடி வைத்துவிட்டுத் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரைக்கு டெலிபோன். பேரின்பநாதன் அண்ணர்தான். குரல் உடைந்திருந்தது.

"தங்கச்சி, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ. இப்பிடி நடக்குமெண்டு ஆர் நினைச்சது."

எனக்கு உயிர் போய்விட்டது. எனக்குச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்காரர் அண்ணருக்கு ஏன் சொன்னார்கள் என்றுகூட யோசிக்கத் தெரியவில்லை. டெலிபோனைக் கையில் பிடித்தபடியே நேர்ஸ் இருக்கும் மேசைக்கு ஓடினேன். செருப்பு ஒன்று கழன்று எங்கோ போனது. இங்கிலீஷ் வாயில் வரவில்லை. என் கணவர், என் கணவர் என்று தமிழில் சொல்லிக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளை உள்ளே டெலிபோன் எடுத்துக் கேட்டுவிட்டு, ஒப்பரேசன் நடக்கிறது, எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்றது. இருதயத்தை நிறுத்திவிட்டார்கள், இப்போது அதன் வேலையை மெஷின் செய்கிறது என்று விளக்கம் வேறு சொன்னது.

திரும்ப டெலிபோன். லண்டனிலிருந்து இவருடைய ஒன்றுவிட்ட தங்கை. ஒப்பாரி. நடுவில் ஒரு குற்றச்சாட்டு: "நாலு நாளா மறைச்சு வைச்சிட்டியளே மச்சாள்." எது நாலு நாள் என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் எழுந்து வேறு கதிரைக்குப் போனார். உங்கட வெப்சைட்டில்தான் பார்த்தேன், மூன்றாம் திகதி என்று கிடக்கிறது என்றாள்.

திறந்தேன். முதல் பக்கத்தில், கொடியேற்றத்துக்கு மேலே, கறுப்புக் கரை போட்டு இவருடைய படம். நிரூபனின் பட்டமளிப்புக்கு எடுத்தது, கழுத்தில் நான் கட்டிவிட்ட ரை. கீழே, மறைவு 03.03.2023.

"ஆலடிக்குளத்தைப் பிறப்பிடமாகவும், கனடாவை வதிவிடமாகவும் கொண்ட வேலுப்பிள்ளை தியாகலிங்கம் அவர்கள் காலமானார். அன்னார் காலஞ்சென்றவர்களான வேலுப்பிள்ளை நாகம்மா தம்பதியரின் அன்பு மகனும், காலஞ்சென்ற தவமலர், மற்றும் மங்கையற்கரசி ஆகியோரின் அன்புக் கணவரும், கௌசலா (கிளிநொச்சி), நிரூபன் (கனடா) ஆகியோரின் பாசமிகு தந்தையும்..."

அதற்குக் கீழே மைத்துனர், சகலன் எல்லாம் இருந்தன. அழகாக எழுதியிருந்தார். ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை. ஆகக் கடைசியில், தொடர்புகளுக்கு என்று என்னுடைய டெலிபோன் நம்பர்.

கோப்பை ஃபோல்டரிலிருந்து வெளியே இழுத்தேன். மறுபடி கட்டளை. பக்கம் மறைந்தது. நாற்பது நிமிடம் வெளியில் இருந்திருக்கிறது. லப்டொப்பை மூடுவதற்குள் இன்னுமொரு அழைப்பு, தொண்ணூற்று நாலில் தொடங்கும் இலங்கை நம்பர். ஒரு பெண். அழுகையில் மூச்சுவிட முடியாமல் பேசினாள்.

"சின்னம்மா, நான் கௌசலா. அப்பாவின்ர முகத்தை ஒருக்கா வீடியோவில காட்டுவீங்களோ? ஒருக்காக் காட்டினால் காணும்."

நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. டெலிபோனை நிறுத்திப் பைக்குள் போட்டேன்.

ஒன்றே முக்காலுக்கு டாக்டர் வந்து, நல்லபடியாக முடிந்தது, இருதயம் தானாக அடிக்கத் தொடங்கிவிட்டது என்றார். அவர் ஒரு சீனர். அவருக்குத் தமிழில் நன்றி சொன்னேன்.

மார்ச் 8, புதன்

பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். இவர் திகதி போடவில்லை. என் நிரல் சேமித்த நாளையே மறைவுத் திகதியாக எடுத்துக்கொண்டது. ஒரு வரிதான். இனித் திகதி இல்லாத கோப்பை நிரல் தொடாது. ஐந்து தரம் சோதித்தேன், சரியாக நிற்கிறது.

பேரின்பநாதன் அண்ணர் வட்ஸ்அப் குழுவில் ஆள் உயிரோடிருக்கிறார் என்று போட்டுவிட்டார். அதற்குப் பிறகும் இருபத்துமூன்று பேர் எடுத்தார்கள். எப்படிப் பிழை நடந்தது என்று கேட்டார்கள். கண் முழித்துவிட்டாரா என்று கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள், ஆயுசு கெட்டி என்றார்கள். கௌசலா யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவசரத்தில் வாசித்திருக்க மாட்டார்கள். ஆனால் லண்டன் மச்சாள், மைத்துனர்மார் வரிசையில் தன் புருசனுடைய பெயரை மூன்றாவதாகப் போட்டது சரியில்லை என்று மனவருத்தப்பட்டாள். மைத்துனர் வரிசை, பிள்ளைகள் வரிசைக்கும் கீழே இருக்கிறது.

தலையிடி. பனடோல் இரண்டு போட்டேன்.

கௌசலா யார் என்று நிரூபன் மட்டும் கேட்டான். விமான நிலையத்தில் இறங்கும்போதே யாரோ படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். முகம் பேயறைந்ததுபோல இருந்தது. தெரியாது என்றேன். "அம்மா, வெப்சைட்டை ஹாக் பண்ணிட்டாங்கள் எண்டு போடுங்கோ. உதில எழுதியிருக்கிறது எல்லாம் பொய் எண்டு போடுங்கோ" என்றான். இருபத்தேழு வருடமாக இந்த வீட்டின் மூத்த பிள்ளையும் அவன்தான், கடைசிப் பிள்ளையும் அவன்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிக்கு வெளியே நின்று இவரைப் பார்த்தேன். வாய்க்குள் குழாய். கேள்வி கேட்கிற நிலைமையில் இல்லை.

மார்ச் 9, வியாழன்

பின்னேரம் டெலிபோனில் ஒரு குரல் பதிவு கிடந்தது. அதே நம்பர். அங்கே வெள்ளிக்கிழமை விடிகிற நேரம்.

"சின்னம்மா, கரைச்சல் படுத்திறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மூண்டாந் திகதி எண்டபடியால் இண்டைக்கு எட்டாம் நாள், எட்டுச் செலவு. நானும் இஞ்ச படைக்கப்போறன். அப்பாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்குமெண்டு எனக்குத் தெரியாது. சொன்னீங்களெண்டால் அதைச் சமைப்பன்."

மூன்று தரம் கேட்டேன். அப்போதுதான் உறைத்தது. நான் அன்றைக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் நிறுத்தினேன். வட்ஸ்அப் குழுவில் அவள் இல்லை. அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு நாளாக ஒரு பெண் உயிரோடிருக்கும் தகப்பனுக்குத் துக்கம் காத்துக்கொண்டிருக்கிறாள், என்னால்.

உடனே எடுத்தேன். "சமைக்க வேண்டாம், அடுப்பை நூருங்கோ பிள்ளை. அப்பா உயிரோட இருக்கிறார். பிழை என்னுடையது" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. ஒரு குழந்தை, ஏனம்மா அழுகிறாய் என்று கேட்டது.

அழுது முடித்து அவள் சொன்னாள், ஒவ்வொன்றாக. நான் கேட்காமலே சொன்னாள், எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில். இவர் வன்னியில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தபோது தவமலரைக் கலியாணம் முடித்திருக்கிறார். எண்பத்தேழில் ஷெல் விழுந்து தவமலர் போய்விட்டார். கௌசலாவுக்கு அப்போது எட்டு மாதம். பெரியம்மா வளர்த்தார். இவர் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுக் கனடா வந்தார், வந்த இடத்தில் என்னை முடித்தார். வருடத்தில் ஒரு தரம், வைகாசியில் அவளுடைய பிறந்தநாளுக்கு டெலிபோன் எடுப்பாராம். வீட்டிலிருந்து இல்லை, பேரின்பநாதன் மாமா வீட்டிலிருந்து.

வைகாசியில் ஒன்றியத்தின் நிர்வாகக் கூட்டம். ஒவ்வொரு வருடமும் நான் வடை சுட்டுக் கொடுத்தனுப்புவேன்.

ஆக, தெரியும். அத்தனை பேருக்கும் தெரியும். என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்த அத்தனை சனத்துக்கும் தெரியும். வெளியூர்க்காரி எனக்கு மட்டும் தெரியாது. நெஞ்சு கொதிக்கிறது. இவரை அந்தக் கட்டிலில் இருந்து இழுத்துப்போட்டு உலுப்பவேண்டும்போல இருக்கிறது.

டெலிபோனை வைக்கும்போது, கணவாய்க் கறியும் பிட்டும் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுப் பழக்கமில்லை.

மார்ச் 11, சனி

ஆஸ்பத்திரிக்கு நிரூபன் போனான். நான் போகவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். குழாய் எடுத்தாயிற்று. நான் போனேன். கேட்கவேண்டியதை எல்லாம் பஸ்ஸிலேயே மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். வகுப்பில் கணக்குப் படிப்பித்த காலத்தில் பெரிய பெரிய சண்டியர்களை ஒரு கேள்வியில் அழவைத்தவள் நான்.

இவர் என்னைக் கண்டதும் கையை நீட்டினார். ஊசி குத்திய இடமெல்லாம் நீலமாக இருந்தது. குரல் கரகரவென்று வந்தது.

"அண்டைக்கு நீர் கோவமில்லை எண்டு சொல்லாட்டில் நான் உள்ளுக்குப் போயிருக்கமாட்டன் மங்கை. இவ்வளவு காலமும் சொல்ல வாய் வரேல்லை. நீர் ஒவ்வொரு எழுத்தா வாசிக்கிற ஆள். அதுதான் எழுதிப் போட்டனான். உமக்கு மட்டும் வாசிக்க."

அடுக்கி வைத்திருந்த கேள்வி ஒன்றுகூட வாயில் இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு எழுதிய கடிதம் அது. அறிவித்தல் எழுத மட்டுமே தெரிந்த மனிசன், தனக்குத் தெரிந்த பாஷையில் எனக்கு எழுதியிருக்கிறார். நான் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓம் என்றேன். எல்லாம் சரி என்றேன். பழகிப்போச்சு என்றேன். அதை மன்னிப்பு என்று நம்பி, அந்த மனிசன் சொதிக்குள் கண்ணீர் விட்டு அழுதுவிட்டு, போய்த் தன் இருதயத்தை நிறுத்தக் கொடுத்திருக்கிறார்.

"நீர் பெரிய மனசுக்காரி" என்றார். ஓம் என்றேன்.

ஏமாற்றியதற்காக இவர்மேல் வந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, என்மேல் ஒரு கோபமும் வந்து குந்திக்கொண்டிருக்கிறது. எதை முதலில் பார்ப்பது என்று தெரியவில்லை. தளத்தில் ஏறிய விஷயம் இவருக்கு இன்னும் தெரியாது. மனதைக் குழப்பக்கூடாது என்று டாக்டர் சொல்லி, டெலிபோனை நிரூபன் வாங்கி வைத்திருக்கிறான்.

மார்ச் 13, திங்கள்

பேரின்பநாதன் அண்ணர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள். தளத்தில் மறுப்பு ஒன்று போடவேண்டுமாம், ஒன்றியத்துக்கு உலகம் முழுவதும் இருந்து கேள்வி வருகிறதாம். எழுதியே கொண்டுவந்திருந்தார்: தொழில்நுட்பக் கோளாறினால் வெளியான அந்த அறிவித்தலும் அதில் கண்ட விபரங்கள் அனைத்தும் தவறானவை. நிரூபன் வாசித்துவிட்டு, இது நல்லது, இதையே போடுங்கோ அம்மா என்றான்.

அண்ணர் என் முகத்தைப் பாராமல், "உங்கட மானத்துக்கும் இதுதான் நல்லது தங்கச்சி" என்றார்.

"வைகாசி வைகாசியா உங்கட டெலிபோனைக் குடுத்தனீங்கள் அண்ணை. அப்ப என்ர மானத்தை எங்க வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டேன். தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து போனார். நான் ஊற்றவும் இல்லை.

நிரூபனோடு இரண்டு மணித்தியாலம் கதைத்தேன். கத்தினான், கதவை அடித்துச் சாத்தினான். பிறகு வந்து, அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டான்.

மார்ச் 14, செவ்வாய்

காலையில் கௌசலாவிடம் கேட்டேன், உங்களுடைய பெயரை ஊர் உலகம் பார்க்கப் போடலாமா என்று. போடுங்கோ சின்னம்மா என்றாள்.

தலைவர் தந்த தாளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நானே ஒரு கோப்புத் திறந்தேன். தலைப்பு, மறுப்பு அறிவித்தல். திகதி, 14.03.2023. கீழே இப்படி எழுதினேன்:

"ஆலடிக்குளத்தைச் சேர்ந்த வேலுப்பிள்ளை தியாகலிங்கம் அவர்கள் காலமானதாக இத்தளத்தில் அறிவித்தல் ஒன்று வெளியானது. அவர் உயிருடன் நலமாக இருக்கிறார். அவர் என்னிடம் வாசிக்கத் தந்ததை நான் வாசிக்கவில்லை. வாசித்துவிட்டேன் என்று அவரிடம் பொய் சொல்லி, வாசிக்காமலே வெளியிட்டுவிட்டேன். அந்த அறிவித்தலில் அவர் இறந்தார் என்பது மட்டுமே பிழை. உறவுகளின் பெயர்களும் வரிசையும் சரியானவை. இங்ஙனம், மனைவி மங்கையற்கரசி."

சத்தமாக ஒரு தரம் வாசித்தேன். நிரூபன் பக்கத்தில் நின்று கேட்டான். பிறகு கட்டளையைக் கொடுத்தேன். ஏறிவிட்டது.

நாளைக் காலை இவருக்கு டெலிபோனைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இவர் முதலில் திறப்பது எங்கள் தளத்தைத்தான்.